திவாலாகி ஆறு வருஷம்: கணவனும் மனைவியும் மறுபடி ஒரே நோட்டில் கணக்கு எழுதியது

கிணற்றடி

போன மாதம் எங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். திவால் பதிவு அதில் இல்லை. வாடகைக்கு வீடு கேட்ட இடத்திலும், வங்கியில் படிவம் நிரப்பிய இடத்திலும் இத்தனை வருடமாக எங்களுக்கு முன்னால் போய் நின்ற வரி அது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர்தான், "நீ எழுதேன், யாருக்காவது உதவும்" என்றார். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அவருக்குச் சின்ன அச்சகம் ஒன்று இருந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பல மாத பில்லைத் தராமல் இழுத்தடித்தார். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கடன், அந்தத் தவணைக்கு ஒரு கிரெடிட் கார்டு, அந்தக் கார்டு பில்லைக் கட்ட இன்னொரு கார்டு. ஊதாரித்தனம் எதுவும் கிடையாது. அடுத்த மாதம் பணம் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் இரண்டரை வருடம் ஓடியது.

கார்டு இரண்டு என்று நினைத்திருந்தேன். ஐந்து இருந்தன. என் வேலையிடத்துக்கு வசூல் ஆள் போன் செய்த அன்று மாலை மூன்றாவதைச் சொன்னார். அடுத்த வாரம் நான்காவதை. ஒரு மாதம் கழித்து தபாலில் கடிதம் வந்தபிறகு ஐந்தாவதை. இதற்கு நடுவே, "வெறும் சம்பிரதாயம்தான் மேடம்" என்று யாரோ நீட்டிய தாளில் நான் படிக்காமல் போட்ட கையெழுத்து, அச்சகக் கடனுக்கான ஜாமீன் என்பதும் தெரியவந்தது. அவர் திவாலானதும் அந்தக் கடன் முழுசாக என் தலையில் வந்து உட்கார்ந்தது. பாதி இல்லை, முழுசும். கடைசியில் இருவருமே திவால் மனு போட வேண்டியதாயிற்று.

மனு, விசாரணை, தீர்ப்பு இதையெல்லாம் நீட்டி எழுதப் போவதில்லை. பயந்த அளவுக்கு அது கொடுமையாக இருக்கவில்லை. படிவங்களும் காத்திருப்பும்தான். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடந்ததை.

முதல் வருடம் பணப் பொறுப்பு முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். அவர் சம்பளம் என் கணக்குக்கு வரும். காலையில் அவருக்குச் செலவுக்குக் கொடுப்பேன், மாலையில் கணக்குக் கேட்பேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கெட்டிக்காரி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்திவிட்டாள் என்றார்கள். ஒருநாள் அவர் மழையில் நனைந்துகொண்டு நடந்தே வந்தார். பஸ்ஸுக்குக் காசில்லை. ஏன் காலையில் கேட்கவில்லை என்றேன். "எதுக்குன்னு கேப்பியே" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர் கார்டுகளை மறைத்தது எதனால்? கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தால். அதே பயத்தை இப்போது நான் தினமும் ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வருடம் இப்படியே போயிருந்தால் அவர் மறுபடி எதையாவது மறைத்திருப்பார். அதில் எனக்கும் பங்கு இருந்திருக்கும்.

அதன்பிறகு மாற்றினோம். வியாழக்கிழமை மாலை அரை மணி நேரம், ஒரே நோட்டு. ஒரு வாரம் அவர் எழுதுவார், நான் ரசீதுகளைப் படிப்பேன். அடுத்த வாரம் மாறிக்கொள்வோம். இருவருக்கும் கேள்வி கேட்கப்படாத கைச்செலவுப் பணம் ஒரே அளவு. ஒருநாள் வீட்டுச் செலவைத் தாண்டும் எதையும் வாங்குவதற்கு முன் மற்றவரிடம் சொல்வது. நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம் அவ்வளவுதான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். கேள்விகள் இருந்தால் தெரிந்தவரை சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை

அம்மா, மனதைத் தொட்டுவிட்டது. நான் ஓய்வு பெற்ற கணக்காளன். "அடுத்த மாதம் சரியாகிவிடும்" என்று நம்பிய பலரின் ஏடுகளைப் பார்த்திருக்கிறேன். அது ஏன் சரியாகவில்லை என்பதை எண்களில் வைக்கிறேன். பலர் இதைத் தங்கள் குணக்கேடு என்று நினைத்துக் குமைகிறார்கள், அதனால்தான்.

மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். கேட்க அற்பமாக இருக்கும். ஒன்றும் கட்டாமல் விட்டால் 100 ஒரு வருடத்தில் 142-ஐத் தாண்டும், 24 மாதத்தில் இரட்டிப்பாகிவிடும். அபராதக் கட்டணம் இதில் சேரவில்லை.

சரி, ஒழுங்காக மினிமம் மட்டும் கட்டுகிறார் என்று வைப்போம். மாதாமாதம் நிலுவையில் 5 சதவீதம், புதிதாக எதுவும் வாங்கவில்லை. வருடம் முழுக்க அவர் கட்டியது ஏறத்தாழ 54. கடன் குறைந்ததோ 21 அல்லது 22 மட்டும். மீதி 32 வட்டிக்குப் போனது. இந்த வேகத்தில் அசல் பாதியாகவே மூன்று வருடம் பிடிக்கும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவருடைய நிலைமை இது. அந்த வீட்டில் மனைவி "மாசாமாசம் கட்டறீங்களே, ஏன் குறையல?" என்று கேட்டால் அவரால் என்ன சொல்ல முடியும்? சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவார். சண்டை அங்கிருந்து தொடங்குகிறது.

கார்டுக்குக் கார்டு மாற்றிக் கட்டும்போது இன்னொரு கெடுதல் உண்டு. கார்டில் ரொக்கமாக எடுத்தால் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடையாது. எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஒத்தையடிப்பாதை

அக்கா, ரெண்டு நாளா இதை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன். எனக்கு எட்டு இடத்துல கடன். கல்யாணமாகி நாலு வருஷம். அவளுக்கு ஒண்ணு மட்டும்தான் தெரியும். சம்பளம் வந்த அன்னிக்கே போயிடுது. ராத்திரி போன் வெளிச்சம் அவ முகத்துல படக் கூடாதுன்னு பாத்ரூம்ல போய் மெசேஜ் படிக்கிறேன். சொல்லணும்னு தெரியுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முதல்ல சின்னதா ஒண்ணைச் சொல்லி அவ எப்படி எடுத்துக்கறான்னு பார்த்துட்டு மத்ததைச் சொல்லலாமா?

கிணற்றடி

தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடனைத்தான் தவணையில் வாங்கினோம், உண்மையையும் தவணையில் கொடுக்கக் கூடாது. என் கணவர் மூன்று முறையாகச் சொன்னார். முதல் முறை நான் அழுதேன், ஆனால் நம்பினேன். இரண்டாவது முறை கோபம். மூன்றாவது முறை எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இனி இவர் "இவ்வளவுதான்" என்று எதைச் சொன்னாலும் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கும் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவிலிருந்து நான் வெளியே வர எடுத்த காலம், நீதிமன்றம் எங்கள் கடனைத் தள்ளுபடி செய்ய எடுத்த காலத்தைவிட அதிகம்.

முதலில் தனியாக உட்கார்ந்து எட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை தவறியிருக்கிறது, யாராவது ஜாமீன் போட்டிருக்கிறார்களா. ஏதாவது ஒரு தொகை தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், குறைத்து எழுதாதீர்கள். விடுமுறை நாள் காலையில் சொல்லுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். சொல்லி முடித்ததும் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதே உட்காரலில் மன்னிப்பையும் எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு அந்தத் தாளைப் படிக்க நேரம் வேண்டும்.

இன்னொன்று. தனியாக இருக்கும்போது தப்பான எண்ணம் ஏதாவது தலை தூக்கினால், பட்டியலெல்லாம் அப்புறம். உடனே ஒரு மனுஷரிடம் பேசுங்கள், டாக்டரிடம் போங்கள். உங்கள் எட்டுக் கடனுக்கும் வழி இருக்கிறது.

பழைய குரல்

நான் நாலு வருடம் கடன் வசூல் கால் சென்டரில் வேலை பார்த்தவன். அந்த வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது, அதன் பாரம் இன்னும் இருக்கிறது. ஒத்தையடிப்பாதை சகோதரர் தெரிந்துகொள்ள வேண்டியது: நாங்கள் பயன்படுத்திய ஆயுதமே அவருடைய ரகசியம்தான். "வீட்டம்மாவுக்குத் தெரியுமா சார்?" என்று ஒரு வரி கேட்டால் போதும், எப்படியோ புரட்டிக் கட்டுவார்கள். வீட்டில் சொல்லிவிட்டவரிடம் அந்தக் கேள்வி பலிக்காது. குரலிலேயே தெரிந்துவிடும்.

போனில் எந்தத் தேதியையும் வாக்குக் கொடுக்காதீர்கள். விவரத்தை எழுத்தில் கேளுங்கள். கடன் இப்போது யார் கையில் இருக்கிறது, மூலத்தொகை எவ்வளவு, மேலே ஏற்றிய கட்டணம் எவ்வளவு என்று. பழைய கடன்கள் கை மாறி விற்கப்படும், தொகை தப்பாக வருவதும் உண்டு. மிகப் பழைய கடனாக இருந்தால், "ஒரு சின்னத் தொகை மட்டும் கட்டுங்க, விட்டுடறோம்" என்பார்கள். பல நாடுகளில் அந்தச் சின்னத் தொகை, வழக்குப் போடுவதற்கான, முடியப்போகும் காலவரம்பை மறுபடி முதலிலிருந்து ஓட வைத்துவிடும். கட்டுவதற்கு முன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். யார், எப்போது கூப்பிட்டார், என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

கீழ்வானம்

கடன் ஆலோசனை மையத்தில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் தம்பதிகள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இரண்டு மூன்று இடங்களில்.

திவால் என்றதும் நம் பேச்சில் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான் என்று ஒரு ஏளனம் ஒட்டிக்கொண்டு வருகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் பார்த்தது, கடனைக் கட்ட முடியாதவரைச் சிறையிலும் போட்டது. இங்கிலாந்தில் 1869-இல் வந்த சட்டம்தான் அந்த வழக்கத்தைப் பெருமளவு முடிவுக்குக் கொண்டுவந்தது. இன்று அங்கே சாதாரணமாக 12 மாதத்தில் திவால் நிலையிலிருந்து விடுதலை கிடைக்கிறது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயம் கடனைத் தள்ளுகிறது, 13-ஆம் அத்தியாயம் 3 முதல் 5 வருடத் தவணைத் திட்டம் போடுகிறது. இந்தியாவில் 2016-இல் திவால் விதிகளை ஒரே சட்டமாகக் கொண்டுவந்தாலும் தனிநபர் பகுதி முழுமையாக நடைமுறைக்கு வராமல் நின்றது. 2019 டிசம்பரில் நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் அது திறந்தது. ஆகவே இணையத்தில் யாரோ சொன்ன காலக்கெடுவை உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாழும் இடத்தின் விதிதான் உங்களுக்கு.

எந்த இடமானாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. திருமணம் ஆனதாலேயே ஒருவர் கடன் மற்றவர் கடனாகிவிடும் என்று எல்லா இடத்திலும் இல்லை. கையெழுத்துத்தான் பெரும்பாலும் கட்டிப்போடுகிறது. கூட்டுக் கடனோ ஜாமீனோ இருந்தால், ஒருவருக்குக் கிடைக்கும் விடுதலை மற்றவரைக் காப்பாற்றாது. கிணற்றடி அம்மாவுக்கு நேர்ந்தது அதுவே. மனு போடும் முன் இருவரின் கையெழுத்தும் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது, மனசு நல்லதென்று நினைத்துச் செய்யும் தவறு. திவாலாகப் போகிறோம் என்று தெரிந்ததும் வீட்டை மனைவி பேருக்கு மாற்றுவார்கள். அல்லது கையில் இருக்கும் கடைசிப் பணத்தை அண்ணனிடம் வாங்கிய கடனுக்குக் கொடுத்துவிடுவார்கள். "சொந்தக்காரனுக்காவது நேர்மையா இருப்போம்" என்று. நீதிமன்றம் இதைப் பின்னோக்கிப் பார்க்கும். நெருங்கிய உறவின் கடனுக்குத் திருப்பிக் கொடுத்த பணத்தை அமெரிக்காவில் ஒரு வருடம் வரை, இங்கிலாந்தில் இரண்டு வருடம் வரை தோண்டித் திரும்ப வாங்க முடியும். அண்ணன் வீட்டு வாசலில் அதிகாரி போய் நிற்பார். உறவுக்கடனையும் பட்டியலில் சேருங்கள், மறைக்காதீர்கள்.

எல்லாக் கடனும் போய்விடாது என்பதையும் தெரிந்து வையுங்கள். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், குற்ற வழக்கு அபராதம், பல இடங்களில் கல்விக் கடன், இவை பெரும்பாலும் தள்ளுபடியாகாமல் அப்படியே நிற்கும்.

மேட்டுநிலம்

நான் மறைத்த கணவன். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்களே, என்னைக் கெடுத்தது அந்த நினைப்புத்தான். ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் திணித்தேன். கடைசியில் அவளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தபோது, தேதிவாரியாக அடுக்கினோம். ஒரே கடனுக்குப் பதினோரு கடிதம். அதில் நான்காவது கடிதத்தில் தவணையைக் குறைத்துத் தரத் தயார் என்று எழுதியிருந்தார்கள். நான் பிரிக்கவே இல்லை. சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் இருந்தது.

கிணற்றடி அக்கா பஸ் காசு பற்றி எழுதியதைப் படித்ததும் கண் கலங்கியது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் மூன்று வருடம் நீடித்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் சம்பாதிக்கிற ஆள் கைநீட்டி வாங்கும்போது, தண்டனை அனுபவித்தாகிவிட்டது என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. பொறுப்பு வருவதில்லை. எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணம் எவ்வளவு என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு அவள் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது, இரண்டு மாதம் நான்தான் கணக்கு எழுதினேன். அப்போதுதான் மாறினேன்.

செம்மண்

மன்னிக்கணும், எனக்கு மாற்றுக் கருத்து. ஒருமுறை ஐந்து கார்டை மறைத்தவர் கையில் மறுபடி பணப் பொறுப்பைக் கொடுப்பது ஆபத்து. என் அக்கா வாழ்க்கையில் பார்த்துவிட்டேன். இரண்டாவது முறையும் நடந்தது. அவருக்குச் சூதாட்டப் பழக்கம். நோட்டு, வியாழக்கிழமை எல்லாம் அவரிடம் எடுபடவில்லை. தனித்தனிக் கணக்கு, தனித்தனிச் சம்பளம் என்று பிரித்த பிறகுதான் அக்காவால் மூச்சு விட முடிந்தது.

கிணற்றடி

செம்மண், நீங்கள் சொல்வது சரி. சூதாட்டமோ குடியோ இருந்தால் அது பணப் பிரச்சினையே இல்லை, நோய். அதற்குச் சிகிச்சை முதலில். அதுவரை உங்கள் அக்கா செய்ததுபோல் தன் சம்பளத்தையும் கையெழுத்தையும் காப்பாற்றிக்கொள்வது அவசியம். மனைவியை அடித்து மிரட்டிக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே ஒரே நோட்டு என்ற பேச்சுக்கு இடமில்லை. நான் சொன்னது பயத்தால் மறைத்தவர்களுக்கு மட்டும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தூவானம்

எங்களுக்குப் போன வருடம்தான் விடுதலை கிடைத்தது. இனி ஜென்மத்துக்கும் கடன் வேண்டாம் என்கிறார் கணவர். எனக்கும் ஆசைதான். ஆனால் வாடகை வீட்டுக்கே கடன் மதிப்பெண் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அம்மா, வரிசைதான் முக்கியம். முதல் வேலை கையிருப்பு. முன்பு தவணைக்குப் போன பணத்தில் ஒரு பங்கைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். முதல் இலக்கு ஒரு மாதச் செலவு. பிறகு மெதுவாக மூன்று மாதம். ஃபிரிட்ஜ் பழுதானால் கார்டைத் தேடாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் இது.

அந்த ஒரு மாதம் கைக்கு வந்தபிறகு, வங்கியில் வைப்புத்தொகை கட்டி, அதற்கு ஈடாகத் தரும் கார்டு ஒன்றை மட்டும் வாங்கலாம். மாதம் தவறாமல் நிச்சயமாக வரும் ஒரு பில்லை அதில் போடுங்கள், கெடுவுக்கு முன் முழுத் தொகையையும் கட்டுங்கள். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஃபைக்கோ மதிப்பெண்ணில் 35 சதவீதம் தவணை தவறாமைக்கே போகிறது, 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு. மற்ற முறைகளிலும் தவணை தவறாமைக்குப் பெரிய எடை உண்டு. உங்கள் பதிவை ஒரே மாதத்தில் அழித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்கள் வருவார்கள். சரியான தகவலாக இருந்தால் அதன் காலம் முடியும் முன் யாராலும் அழிக்க முடியாது. தப்பான தகவலென்றால் நீங்களே எழுதித் திருத்தலாம்.

தூவானம்

நன்றி ஐயா. இன்னொரு கேள்வி கிணற்றடி அக்காவுக்கு. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதை என்ன செய்தீர்கள்? சட்டப்படி தீர்ந்துவிட்டது. விசேஷங்களில் முகம் பார்க்க முடியவில்லை.

கிணற்றடி

என் நாத்தனார் கொடுத்த பணம் இருந்தது. பட்டியலில் சேர்த்தோம், மற்றதோடு அதுவும் தள்ளுபடியாயிற்று. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, வருவது மட்டும் நின்றது. விடுதலை ஆணை கையில் வந்தபிறகு, அதற்கு முன் இல்லை, நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். "சட்டம் எங்களை விட்டுவிட்டது, நாங்கள் விடவில்லை. எங்களால் மாதம் இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு சின்னத் தொகையைச் சொன்னோம். நாலு வருடம் ஆயிற்று. விருப்பப்பட்டுக் கொடுப்பதைப் பொதுவாகச் சட்டம் தடுப்பதில்லை, ஆனாலும் எங்கள் வக்கீலிடம் கேட்டுவிட்டே செய்தோம். கையிருப்பு சேர்ந்தபிறகுதான் ஆரம்பித்தோம், அதற்காகக் கடன் வாங்கவில்லை. எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு அந்த உறவு வேண்டியிருந்தது.

ஒத்தையடிப்பாதை

அக்கா, சொல்லிட்டேன். நேத்து காலைல. தாளைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் படிச்சா. ஒண்ணும் பேசல. சாயங்காலம் வரைக்கும் பேசல. அப்புறம் எந்திரிச்சுப் போய் அவ கைப்பையை எடுத்துட்டு வந்தா. கூட வேலை பாக்கிற பொண்ணுகிட்ட அவ பணம் வாங்கியிருக்கா. ரெண்டு மாச வாடகைக்கு. எனக்குத் தெரிஞ்சா நான் உடைஞ்சு போயிடுவேன்னு சொல்லாம இருந்திருக்கா. ரெண்டு பேரும் அழுதோம். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல.

கிணற்றடி

அவர் வாங்கியதையும் அதே தாளில் எழுதுங்கள் தம்பி. தனித் தாள் வேண்டாம். எட்டுக்குக் கீழே ஒன்பது என்று. பிறகு இந்த வாரமே கடன் ஆலோசனை மையம் ஒன்றுக்கு இருவரும் சேர்ந்து போங்கள். கட்டணம் வாங்காத மையமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். திவால் வரை போக வேண்டியிருக்காது என்றுகூடச் சொல்லலாம், தவணையைக் குறைத்துப் பேசியே முடித்துத் தரவும் கூடும். பிரிக்காத கடிதம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒத்தையடிப்பாதை

ஆறு கவர் இருந்துச்சு, எல்லாத்தையும் இப்பதான் பிரிச்சோம். மையத்துக்கு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அவளுக்கு வியாழக்கிழமை ஷிஃப்ட் இருக்கு, அதனால நோட்டுக்கு நாங்க ஞாயித்துக்கிழமை காலைன்னு வெச்சிருக்கோம். முதல் வாரம் அவ எழுதறேன்னு சொல்லியிருக்கா.